நாற்பத்திரண்டு காட்சிப்பொருட்கள்

தணிக்கையாளர்: மணி பத்து நாப்பது. பத்து மணிக்குத் திறக்கும்னு வாசல்ல போர்டு சொல்லுது. உள்ளே வந்தா அடுப்பு எரியுது. அருங்காட்சியகத்துல எதுக்கும்மா அடுப்பு எரியுது?

செயலாளர்: அது காட்சிப்பொருள் சார். பட்டியல்ல முதல் பொருளே அதுதான்.

தணிக்கையாளர்: எரியுதேன்னு கேக்கறேன்.

செயலாளர்: எரிஞ்சாத்தான் அடுப்பு. அணைஞ்சிருந்தா வெறும் கல்லு. வர்றவங்களுக்குப் புரியாது.

தணிக்கையாளர்: மேலே பாத்திரத்துல என்ன?

செயலாளர்: வெந்நீர். குழந்தையைக் குளிப்பாட்ட.

தணிக்கையாளர்: எந்தக் குழந்தை?

செயலாளர்: அது பதினேழாவது பொருள்கிட்ட வரும் சார். வரிசையாப் போனா நல்லது.

தணிக்கையாளர்: இருங்க. தணிக்கைக்கு வர்றேன்னு என் பேரு போட்ட நோட்டீஸ் வந்திருக்கும். நான் உங்களை மிரட்ட வரலை. இந்தக் குடியிருப்புக் குழுவுக்கு நீங்கதானே செயலாளர்?

செயலாளர்: நான்தான்.

தணிக்கையாளர்: காசு வந்து சேர்ந்ததுன்னு கையெழுத்துப் போட்டது?

செயலாளர்: அதுவும் நான்தான்.

தணிக்கையாளர்: அப்போ நல்லாக் கேட்டுக்குங்க. பழங்குடிப் பண்பாட்டு அருங்காட்சியகம் கட்டன்னு நலத்துறை உங்க குழுவுக்குப் பன்னெண்டு லட்சம் குடுத்திருக்கு. அதுல நாப்பத்திரண்டு பொருள் இருக்கணும். இருக்குன்னு நான் எழுதினா நீங்க தப்பிச்சீங்க. இல்லைன்னு எழுதினா உங்க பேர்ல கேஸ். காசையும் திருப்பிக் கட்டணும். அஞ்சு வருஷத்துக்கு இந்த ஜனங்களுக்கு ஒரு பைசா வராது.

செயலாளர்: ஜெயில் உண்டா சார்?

தணிக்கையாளர்: அது என் வேலை இல்லை. இருக்கா, இல்லையா. அவ்வளவுதான் நான் எழுதுவேன்.

செயலாளர்: கண்ணால பார்த்துதானே எழுதுவீங்க?

தணிக்கையாளர்: பின்னே? அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கேன்.

செயலாளர்: அது போதும் சார். கேளுங்க.

தணிக்கையாளர்: பொருள் ரெண்டு. அரைக்கும் கல்.

செயலாளர்: கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கோம், பாருங்க.

தணிக்கையாளர்: பொருள் மூணு. மெழுகுச் சிலை. பாரம்பரிய உடையில் பழங்குடிப் பெண். ஒன்று.

செயலாளர்: அடுப்புக்கிட்ட நிக்கிறாளே.

தணிக்கையாளர்: யாரு அது?

செயலாளர்: என் நாத்தனார்.

தணிக்கையாளர்: மெழுகுன்னு போட்டிருக்கு.

செயலாளர்: அடுப்புப் பக்கத்துல மெழுகை வைக்க முடியுமா சார். உருகிடும்.

தணிக்கையாளர்: சரி... பாரம்பரிய உடை?

நாத்தனார்: நைட்டி சார். கல்யாணம் ஆன நாளா இதுதான்.

தணிக்கையாளர்: சிலை பேசுது.

நாத்தனார்: மன்னிச்சுக்குங்க. இனிமே பேசலை.

தணிக்கையாளர்: ஏம்மா, படிச்சவங்களாத் தெரியறீங்க. என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?

செயலாளர்: களைச்சுப் போன மாதிரி தெரியுது. அந்தப் பாயில உக்காருங்க. பரவாயில்லை, அது பதினோராவது பொருள்தான். தாங்கும்.

தணிக்கையாளர்: நான் நின்னுக்கறேன். பொருள் ஏழு. வில், அம்பு. ரெண்டு ஜோடி.

செயலாளர்: ஒரு ஜோடிதான் இருக்கு. இந்தாங்க.

தணிக்கையாளர்: இது பிளாஸ்டிக்.

செயலாளர்: பிள்ளைங்க விளையாடறது. எங்க வீட்ல பெரியவங்க யாரும் வில்லைத் தொட்டதே இல்லை சார். கொழுந்தனாருக்கு வெல்டிங் வேலை. வேணும்னா அவரோட வெல்டிங் கண்ணாடியை மாட்டி வைக்கறேன்.

தணிக்கையாளர்: பட்டியல்ல வெல்டிங் கண்ணாடி இல்லை.

செயலாளர்: பட்டியல் உங்க ஆபீஸ்ல எழுதினது. எங்களைப் பத்தி எங்களுக்கே தெரியாத நிறைய சங்கதி அதைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது.

நாத்தனார்: எலும்பு மாலை போடுவோமாம் சார். அதைப் படிச்சுட்டு அண்ணி சிரிச்ச சிரிப்புல...

தணிக்கையாளர்: சிலை.

நாத்தனார்: சரிங்க.

தணிக்கையாளர்: பதினேழு. தொட்டில். ஒன்று. ...இருக்கு. உள்ளே குழந்தை படுத்திருக்கு.

செயலாளர்: ஆமா சார்.

தணிக்கையாளர்: குழந்தை பட்டியல்ல இல்லையே.

செயலாளர்: அதுக்குத் தனியாக் காசு வாங்கலை சார்.

தணிக்கையாளர்: யாரோடது?

செயலாளர்: சிலையோடது.

நாத்தனார்: ஆறு மாசம் ஆகுது. பேசலாமா சார், இல்ல...

தணிக்கையாளர்: பார்வையாளர் பதிவேடு இருக்கா?

செயலாளர்: அது இல்லாம எப்படி. இந்தாங்க. தேதி, பேரு, கையெழுத்து எல்லாம் சரியா இருக்கும்.

தணிக்கையாளர்: ...முப்பத்தி நாலு பதிவு. எல்லாம் ஒரே பேரு.

செயலாளர்: நர்ஸம்மா. வாரா வாரம் வருவாங்க.

தணிக்கையாளர்: அருங்காட்சியகம் பார்க்கவா?

செயலாளர்: குழந்தைங்களுக்கு ஊசி போட. ஆனா உள்ளே வர்ற எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு விதியில இருக்கு சார். அஞ்சாவது விதி.

தணிக்கையாளர்: விதியெல்லாம் படிச்சிருக்கீங்க.

செயலாளர்: பன்னெண்டு லட்சத்தோட அதுவும் வந்தது. படிக்காம விடுவோமா.

தணிக்கையாளர்: எட்டு மாசமாத்தான் பேர் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒருத்தரும் வரலையா?

செயலாளர்: வர முடியாது சார்.

தணிக்கையாளர்: ஏன்?

செயலாளர்: நடுவுல ஆறு இருக்கே. நீங்க காலையில எப்படி வந்தீங்க?

தணிக்கையாளர்: ஜீப்பை அந்தக் கரையில விட்டுட்டு பாலத்து மேல நடந்து வந்தேன்.

செயலாளர்: ஆடுச்சா?

தணிக்கையாளர்: இல்லையே. திடமாத்தான் இருந்தது. டிரைவர்கூட சொன்னான், நம்ம துறை கட்டினதுல இப்படி ஒண்ணு பார்த்ததில்லைன்னு.

செயலாளர்: கைப்பிடி எல்லாம்?

தணிக்கையாளர்: அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கு இப்போ பாலத்தைப் பத்தி... நான் அருங்காட்சியகத்தைக் கேட்டேன்.

செயலாளர்: அதான் சார் அருங்காட்சியகம்.

தணிக்கையாளர்: எது?

செயலாளர்: நீங்க நடந்து வந்தது.

தணிக்கையாளர்: விளையாடாதீங்க.

செயலாளர்: அடுப்புல விளையாடினேன். இதுல விளையாடலை. இரும்புக் கயிறு, பலகை, சிமெண்டு... எல்லாத்துக்கும் பில் வெச்சிருக்கேன். வெல்டிங்குக்குக் கொழுந்தனார் கூலி வாங்கலை. மிச்சம் நாலாயிரம் இருந்தது. வாசல்ல இருக்கற போர்டை அதுலதான் எழுதினோம்.

தணிக்கையாளர்: நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா? இது வாக்குமூலம்மா. கையெழுத்துப் போட்டவங்க வாயாலேயே.

செயலாளர்: தெரியும் சார்.

தணிக்கையாளர்: பண்பாட்டுக்குன்னு வந்த காசு பண்பாட்டுக்குத்தான். பாலத்துக்குன்னு வந்தாத்தான் பாலம். இதை எடுத்து அதுல போட உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது? பாலம் வேணும்னா அதுக்குத் தனியா மனுக் குடுக்கணும்.

செயலாளர்: குடுத்தோம்.

தணிக்கையாளர்: ஒரு தடவை குடுத்துட்டு உக்காந்திருந்தா எப்படி?

செயலாளர்: எட்டு தடவை.

தணிக்கையாளர்: ...பதில் வரலையா?

செயலாளர்: வந்ததே. எட்டுக்கும் ஒரே பதில். படிக்கட்டுமா?

தணிக்கையாளர்: படிங்க.

செயலாளர்: "தாங்கள் குறிப்பிடும் இடத்தில் பாலம் ஏற்கனவே உள்ளது. ஒரே இடத்தில் இரண்டாவது பாலத்துக்கு அனுமதி வழங்க விதியில் இடமில்லை."

தணிக்கையாளர்: எங்கே உள்ளது?

செயலாளர்: அதே இடத்துல. முத்திரை போட்டு வந்திருந்தது சார். நாங்களும் நம்பிட்டோம். கரைக்குப் போய்ப் பார்த்தோம்.

நாத்தனார்: ரெண்டு நாள் தேடினோம். எங்க ஆளுங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையோன்னு மேஸ்திரி ஒருத்தரைக்கூட கூட்டிட்டுப் போனோம். அவரும் தண்ணியைத்தான் பார்த்தார்.

தணிக்கையாளர்: கொஞ்சம் இருங்க. பையில இன்னொரு கோப்பு... இந்தப் பக்கத்து வேலை எல்லாம் இதுலதான்... "ஆற்றின் குறுக்கே நடைபாலம். பழங்குடி மக்கள் பயன்பாட்டுக்காக." மூணு வருஷம் முன்னாடி...

செயலாளர்: எவ்வளவு சார்?

தணிக்கையாளர்: அது உங்களுக்கு எதுக்கு.

செயலாளர்: எங்க பயன்பாட்டுக்குன்னு போட்டிருக்கே. அதான் கேட்டேன்.

தணிக்கையாளர்: ...தொண்ணூறு.

செயலாளர்: தொண்ணூறாயிரமா?

தணிக்கையாளர்: லட்சம்.

நாத்தனார்: அண்ணி, உங்க கொழுந்தனார் கூலி வாங்காதது தப்பாப் போச்சு.

செயலாளர்: யாராவது வந்து பார்த்தாங்களா சார்? அந்தப் பாலத்தை?

தணிக்கையாளர்: பார்க்காம எப்படி? ஆய்வுச் சான்றிதழ் இருக்கு.

செயலாளர்: யாரு ஆய்வு பண்ணினது?

தணிக்கையாளர்: துறையில ஒருத்தர்.

செயலாளர்: பேரு?

தணிக்கையாளர்: கையெழுத்து... கிறுக்கலா இருக்கு. புரியலை. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

செயலாளர்: சிலை, சாருக்குத் தண்ணி குடு.

நாத்தனார்: இந்தாங்க. பாயில உக்காந்து குடிங்க சார். வேர்க்குது உங்களுக்கு.

தணிக்கையாளர்: ம்... நல்லா இருக்கு தண்ணி.

செயலாளர்: கூஜா இருபத்தி மூணாவது பொருள்.

தணிக்கையாளர்: அம்மா, நான் யோசிச்சுப் பார்த்தேன். பண்பாடுன்னா என்ன? கண்ணாடிப் பெட்டியில பூட்டி வைக்கறதா? மனுஷங்க வாழற விதம்தானே.

செயலாளர்: அப்படிங்களா.

தணிக்கையாளர்: பெரிய பெரிய நாட்டுல எல்லாம் இப்போ வாழும் அருங்காட்சியகம்னுதான் சொல்றாங்க. இங்க நீங்க அதைத்தான் பண்ணியிருக்கீங்க. எனக்குத்தான் மொதல்ல பிடிபடலை.

நாத்தனார்: எங்களுக்கும் இப்போதான் சார் பிடிபடுது.

தணிக்கையாளர்: பொருள் ஒண்ணு, அடுப்பு, இருக்கு. எரியுது, அது கூடுதல் சிறப்பு. ரெண்டு, கல்லு, இருக்கு. மூணு, சிலை, இருக்கு.

செயலாளர்: மெழுகு?

தணிக்கையாளர்: எதுல செஞ்சதுன்னு எழுதணும்னு கட்டாயம் இல்லை.

செயலாளர்: வில் ஒண்ணு குறையுது.

தணிக்கையாளர்: ஒண்ணு பழுது பார்க்கப் போயிருக்கு. பிளாஸ்டிக்னா நல்லதுதான், கரையான் அரிக்காது. பதினேழு, தொட்டில்.

செயலாளர்: குழந்தையோடவா?

தணிக்கையாளர்: குழந்தையோட. பார்வையாளர் முப்பத்தி நாலு பேர்.

செயலாளர்: ஒரே ஆளு சார்.

தணிக்கையாளர்: முப்பத்தி நாலு வருகை. எப்படி எழுதணுமோ அப்படி எழுதினா எல்லாம் சரியா வரும். இருபது வருஷமா இதே வேலைதான் பண்றேன்.

செயலாளர்: அப்போ எனக்குக் கேஸ்?

தணிக்கையாளர்: எதுக்குக் கேஸ்? அருங்காட்சியகம்தான் கண்ணு முன்னாடி இருக்கே.

நாத்தனார்: அண்ணி, நான் உக்காரலாமா? கால் வலிக்குது. நாப்பத்திரண்டும் முடிஞ்சுதா சார்?

தணிக்கையாளர்: உக்காரும்மா, தாராளமா உக்காரு. எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி. இந்தத் தாள்ல நான் ரெண்டு வரி எழுதறேன். கீழ நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க.

செயலாளர்: என்ன வரி?

தணிக்கையாளர்: எழுதிட்டேன். "ஆற்றின் குறுக்கே நலத்துறை மூன்று வருடங்களுக்கு முன் கட்டித் தந்த பாலத்தை, அன்றிலிருந்து இந்தக் குடியிருப்பு மக்கள் நல்ல முறையில் பயன்படுத்தி வருகிறோம்."

செயலாளர்: மூணு வருஷமாவா?

தணிக்கையாளர்: ஆமா.

செயலாளர்: எட்டு மாசம் முன்னாடிதானே சார் என் கொழுந்தனார்...

தணிக்கையாளர்: அவர் ரிப்பேர் பண்ணினார்னு வெச்சுக்குவோம்.

செயலாளர்: இல்லாததையா?

தணிக்கையாளர்: அம்மா, பொறுமையாக் கேளுங்க. உங்களுக்கு என்ன வேணும்? பாலம் வேணும். இருக்கு. நர்ஸ் வரணும். வர்றாங்க. உங்க மேல கேஸ் வரக் கூடாது. வராது. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

செயலாளர்: தொண்ணூறு லட்சம்?

தணிக்கையாளர்: அது பழைய சங்கதி. முடிஞ்சு போச்சு. நீங்க போய் அதைக் கிளறினா என்ன ஆகும்? துறையோட பாலம் அந்த இடத்துல இருக்குன்னு கோப்பு சொல்லுது. அப்போ உங்க பாலம் அனுமதி இல்லாத பாலம். அனுமதி இல்லாததை என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

செயலாளர்: பிரிச்சுடுவாங்களா?

தணிக்கையாளர்: ரெண்டு மணி நேர வேலை.

செயலாளர்: ஓடிப் போனவன் மாட்டமாட்டான். நின்னவ மாட்டுவா. அப்படித்தானே சார்.

தணிக்கையாளர்: நான் அப்படிச் சொல்லலை.

செயலாளர்: எங்களுக்கு வந்தது பன்னெண்டு. அதுக்கு ஆத்தைத் தாண்டி வந்து தொட்டிலுக்குள்ள எட்டிப் பார்க்கறீங்க. எங்க பேரைச் சொல்லி எடுத்தது தொண்ணூறு. அதுக்குக் கையெழுத்து கிறுக்கலா இருக்குங்கறீங்க.

தணிக்கையாளர்: உங்க கோபம் நியாயம்தான். ஆனா நியாயத்தை வெச்சு ஆத்தைத் தாண்ட முடியுமா? பாலத்தை வெச்சுத்தான் தாண்டணும். போடுங்கம்மா. இருட்டறதுக்குள்ள நான் அடுத்த ஊருக்கும் போகணும்.

நாத்தனார்: போட்டுடுங்க அண்ணி.

செயலாளர்: நீ சொல்றியா இதை?

நாத்தனார்: வேற என்ன பண்ணச் சொல்றீங்க. நீங்க உள்ளே போயிட்டா உங்க பிள்ளைங்களை யாரு பார்ப்பா? நானா? எனக்குச் சிலை வேலையே சரியா இருக்கு.

தணிக்கையாளர்: தங்கச்சிக்கு நிலைமை புரியுது பாருங்க.

நாத்தனார்: நல்லாப் புரியுது சார். இப்போ அண்ணி கையெழுத்துப் போட்டா, பாலம் மூணு வருஷமா இருக்குன்னு ஆயிடும்.

தணிக்கையாளர்: ஆமா.

நாத்தனார்: அப்போ எனக்கு வந்த பதிலும் சரிதான்னு ஆயிடும்.

தணிக்கையாளர்: உனக்கு என்ன பதில் வந்தது?

செயலாளர்: வேண்டாம் விடுடி.

நாத்தனார்: இருங்க அண்ணி, சாருக்குத் தெரியட்டும். போன மழையில என் வீட்டுக்காரர் ஆத்துல போயிட்டார் சார். எனக்கு அப்போ நாலு மாசம். வாந்தி நிக்கலை. அந்தக் கரைக்குப் போய் மருந்து வாங்கிட்டு வர்றேன்னு இறங்கினவர்தான். நிவாரணம் கேட்டு எழுதினேன். பதில் வந்தது. ரொம்ப நாள் அதை மனப்பாடமாவே வெச்சிருந்தேன். "பாலம் உள்ள இடத்தில், அதைப் பயன்படுத்தாமல் ஆற்றில் இறங்கியது இறந்தவரின் சொந்தப் பொறுப்பு. நிவாரணம் கோர இடமில்லை."

தணிக்கையாளர்: இது... எனக்குத் தெரியாதும்மா.

நாத்தனார்: உங்களுக்கு எப்படித் தெரியும். அது வேற மேசை.

தணிக்கையாளர்: ரொம்ப வருத்தமா இருக்கு. நேர்ல வந்து பார்க்காம எவனோ எழுதித் தொலைச்சதுக்கு...

செயலாளர்: நேர்ல வந்து பார்த்தேன்னுதான் சார் எழுதியிருக்கு.

தணிக்கையாளர்: எதுல?

செயலாளர்: அந்த ஆய்வுச் சான்றிதழ்ல. நகல் கேட்டு மனுப் போட்டோம். ரெண்டு மாசம் முன்னாடி தபால்ல வந்தது. கூரையில சொருகி வெச்சிருக்கோம்.

தணிக்கையாளர்: நகலா... அதுலயும் கையெழுத்து கிறுக்கலாத்தானே இருக்கும்.

செயலாளர்: கிறுக்கல்தான்.

தணிக்கையாளர்: அப்போ யாருன்னு யாரால சொல்ல முடியும். விடுங்க. பேனா இந்தாங்க.

செயலாளர்: குடுங்க சார். எங்கே போடணும், இங்கேயா?

தணிக்கையாளர்: இங்கேதான். தேதியோட போடுங்க.

நாத்தனார்: அண்ணி போடட்டும் சார். பாலம் நிக்கட்டும், கேஸ் வேண்டாம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. கையெழுத்துதான் கிறுக்கல், கீழ முத்திரையில உங்க பேரு தெளிவா இருக்கு. நல்ல மழை மாசத்துத் தேதி. "இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நானே நடந்து சென்று பார்த்தேன்"னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு நீங்க எந்த வழியா சார் போனீங்க?